மறுபடியும் கேட்கிற ஆள்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு நிறுத்தம் வரும். பலகையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று எழுதியிருக்கும். அங்கே இறங்குகிறவர்களில் பலர் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்ப்பவர்கள். காலைப் பரபரப்பில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் சானடோரியம் நடத்தியவர் அவர். 1917இல் கணித மேதை ராமானுஜன் அங்கே சில காலம் அவர் பார்வையில் இருந்தார். தாம்பரத்து மருத்துவமனையை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது.

நோயைக் கொல்லும் மருந்து கிடையாத காலம் அது. சுத்தமான காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதாம் வைத்தியம். இவற்றோடு சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு: நோயாளியை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் பிரித்து வைப்பது. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியிலும் அதுவே நடந்தது. 1924இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோயாளிகளுக்கான இல்லம் அங்கே வந்தது. 1955இல் அது மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமானது. ஆக, நாட்பட்ட நோய் வந்தவனை எங்கே வைப்பது என்ற கேள்வியை இந்த மாவட்டம் ஒரு நூற்றாண்டாக மண்ணிலேயே எழுதி எழுதிப் பார்த்திருக்கிறது.

புகைப்பதை நிறுத்துவது பற்றி எழுத உட்கார்ந்தவன் ஏன் சானடோரியத்தில் இறங்குகிறேன் என்றால், அந்தக் கேள்விக்கு 1950களில் சென்னையில் கிடைத்த பதில் பீடிக்கும் பொருந்தும் என்று நினைப்பதால்தான். அந்தப் பதிலை நாம் பாதிதான் படித்திருக்கிறோம்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து ஒரு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு சானடோரியப் படுக்கை, நல்ல சாப்பாடு, செவிலியர். மற்றவர்களுக்கு அவரவர் வீடே மருத்துவமனை: இடநெருக்கடி, அரைவயிறு, வேலைக்குப் போயே ஆகவேண்டிய கட்டாயம். இரு பக்கமும் ஒரே மாத்திரைதான். ஓராண்டு கழித்துப் பார்த்தால் குணமானவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலேயே இருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் இந்த முடிவு வெளியான பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் தங்கள் அவசியத்தை இழக்கத் தொடங்கின.

பாடநூல்கள் இதை மருந்தின் வெற்றியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் அந்த ஆய்வில் உழைத்தவர்களைத் தூங்கவிடாத பிரச்சினை மருந்து வேலை செய்கிறதா என்பது அன்று. நோயாளி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குகிறாரா என்பதுதான். இரண்டு மூன்று மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும். அப்புறம் எதற்கு இத்தனை மாத்திரை? ஆகவே முன்னறிவிப்பில்லாமல் வீடு தேடிப் போனார்கள், மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அடுத்த பத்தாண்டில், வாரத்துக்கு இரண்டு முறை ஒருவர் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையை அதே மையம் சோதித்துக் காட்டியது. பிற்பாடு உலகம் முழுவதும் பரவிய 'நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை'யின் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. நோயாளியைப் பிரித்து வைக்க வேண்டாம், ஆனால் தனியாகவும் விட வேண்டாம். அந்த ஆய்வு சொன்னதை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

புகைப்பவரை மட்டும் நாம் தனியாகவே விட்டுவிட்டோம்.

புகையிலை இந்த நாட்டுக்கு வந்து நானூறு ஆண்டு சொச்சம் ஆகிறது. போர்த்துகீசியர் கொண்டுவந்த இலை பீஜப்பூரிலிருந்து அக்பர் அரண்மனைக்குப் போனது. அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617இல் தடை போட்டார். தடை எங்கே போயிற்று என்று தெரியவில்லை, இலை மட்டும் நின்றது. அதே நூற்றாண்டில் துருக்கியில் சுல்தான் நான்காம் முராத் புகைத்தவர்களுக்கு மரண தண்டனையே விதித்துப் பார்த்தார். அவருக்கும் அதே தோல்விதான். தமிழ்நாட்டிலோ சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையைப் பழனி முருகனிடமே தூது அனுப்பி ஒரு பிரபந்தம் பாடினார், உ.வே. சாமிநாதையர் அதைத் தேடிப் பதிப்பித்தார். அரசர்கள் துரத்திய இலைக்குக் கடவுளின் சந்நிதியில் இடம் வாங்கிக் கொடுத்துவிட்ட நம்மூர்க் குறும்பை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நம் காலத்துச் சட்டங்கள் அத்தனை கொடூரமானவை அல்ல, பயனற்றவையும் அல்ல. 2003இல் புகையிலைப் பொருட்கள் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல், அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, பொது இடங்களில் புகைக்கத் தடை உறுதியாக அமலுக்கு வந்தது. 2016இலிருந்து பெட்டியின் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொண்டது. பேருந்திலும் ரயிலிலும் பக்கத்து இருக்கைக்காரரின் புகையை விழுங்கிய தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். ஆனால் சட்டம் பார்ப்பது புகை எங்கே எழுகிறது என்பதைத்தான். பற்ற வைக்கிறவனுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2009-10, 2016-17 ஆகிய இரண்டு தேசியக் கணக்கெடுப்புகளுக்கு இடையே, இந்தியாவில் புகையிலை பயன்படுத்தும் பெரியவர்களின் அளவு 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 16.2லிருந்து 20 ஆக ஏறியது. இந்தக் கணக்கில் வாயில் அடக்கும் புகையிலையும் சேர்த்தி. என்றாலும் தேசமே இறங்கிய படியில் நாம் ஏறினோம் என்பது சட்டசபையிலும் பத்திரிகையிலும் இன்னும் உரக்கப் பேசப்பட்டிருக்க வேண்டிய சேதி.

அதே இரண்டாம் கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. இந்தியாவில் புகைப்பவர்களில் 38.5 சதவீதத்தினர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் நிறுத்த முயன்றவர்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து புகைக்கும் ஐந்து பேரில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஆசை இல்லை, பயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலோர் எந்த உதவியும் இல்லாமல், பல நேரம் யாரிடமும் சொல்லாமலேகூட முயன்றவர்கள். சொன்னால் தோற்றபோது கேலி செய்வார்களே! ரகசியமாகத் தொடங்கி ரகசியமாகத் தோற்று, 'எனக்கு மனவுறுதி போதாது' என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள்.

இந்த மனவுறுதி விஷயத்தில் எனக்கு நீண்ட நாளாக ஒரு சந்தேகம். கார்த்திகை பிறந்தால் இந்த மாவட்டத்துப் பெட்டிக்கடைகளின் முன்னால் ஓர் அதிசயம் நடக்கிறது. நாளுக்கு இரண்டு கட்டு பீடி இழுத்த ஆள், கருப்பு வேட்டி கட்டி, கழுத்தில் மாலையோடு வந்து நின்று, டீ மட்டும் குடித்துவிட்டுப் போகிறார். கண்ணெதிரே பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறது. அந்தப் பக்கம் கை போவதில்லை. சபரிமலைக்கு ஒரு மண்டலம் அப்படி. மார்கழியிலும் தையிலும் ஜி.எஸ்.டி. சாலையில் செவ்வாடை வெள்ளம் மேல்மருவத்தூரை நோக்கி ஓடும். சக்தி மாலை போட்டவர்களும் அப்படித்தான். ரமலானில் பகல் முழுக்கத் தண்ணீரே தொடாதவர் பீடியைத் தொடுவாரா? 'என்னால் முடியவே முடியாது சார்' என்று போன மாதம் சொன்ன அதே மனிதர்கள்தாம் இவர்கள்.

பக்தி என்று சொல்லி இதை முடித்துவிடலாம். பக்திக்கு உரியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மாலை போட்டவரைத் தெருவே 'சாமி' என்று கூப்பிடுகிறது. தினமும் தம்முக்கு ஜோடி சேரும் கூட்டாளி அன்று தீப்பெட்டியை நீட்டமாட்டான். நீட்டினால் பாவம் தனக்கு என்று அவனுக்குத் தெரியும். வீட்டில் சமையல் மாறிவிடுகிறது, படுக்கை மாறிவிடுகிறது. அதிகாலையும் அந்தியும் குளியல், சரணம், பஜனை என்று போய்விடுவதால் கைகள் சும்மா இருக்கும் வேளைகள் குறைந்துபோகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே குருசாமி ஒருவர் இருக்கிறார். ஏற்கெனவே பல வருஷம் மலைக்குப் போய்வந்தவர். கன்னிசாமிக்கு எந்த நாளில் மனசு தடுமாறும் என்று அறிந்தவர். 'என்ன சாமி, ஒழுங்கா போகுதா?' என்று விசாரிக்கிறவர். வெளிநாட்டு மருத்துவமனைகள் பெரும் செலவில் கட்டியெழுப்பும் ஏற்பாடு அத்தனையும் ஒரு துளசி மணி மாலைக்குள் இருக்கிறது.

நிக்கோடின் உடம்பை விட்டுப் போகும்போது படுத்தும் பாடு, அதாவது எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, காரணமில்லாத கோபம் எல்லாம், முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நாற்பத்தொரு நாள் தாண்டியவரின் உடம்பு பீடியைக் கேட்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருக்கும். கடினமான பாதி முடிந்துவிட்டது. அப்படியிருந்தும் மலையிறங்கி வரும் வழியிலேயே, முதல் டீக்கடையிலேயே பற்ற வைக்கிறவர்கள் எத்தனை பேர்!

மாலையைக் கழற்றியதும் பற்ற வைக்கலாம் என்ற நினைப்புதான் அத்தனை நாளைத் தாங்க வைத்தது என்று ஒருவர் வாதிடலாம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை அதுவல்ல. மாலை கழன்ற அன்றே 'சாமி' பட்டம் போகிறது, பஜனை நிற்கிறது, குருசாமி அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார், கூட்டாளியின் தீப்பெட்டி திரும்ப வருகிறது. சுற்றி நின்ற அத்தனை ஆட்களும் ஒரே நாளில் விலகிக்கொள்கிறார்கள். காசநோயாளி தேறிய மாதத்தில் மாத்திரையை விட்ட கதை இங்கே வேறு வேஷத்தில் வருகிறது. முதல் மாதத்தைத் தாங்க வைராக்கியம் உண்டு, ஊர் உண்டு. மூன்றாவது மாதத்தில், யாரும் கவனிக்காத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில், ஒன்றும் கிடையாது.

1979இல் லண்டன் மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸலும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பொது மருத்துவரிடம் ஏதோ உபாதைக்காக வந்த இரண்டாயிரத்துச் சொச்சம் புகைப்பவர்களை நான்காகப் பிரித்தார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களில் ஓராண்டு நிறுத்தியிருந்தவர்கள் 0.3 சதவீதம். 'நிறுத்துங்கள்' என்று மருத்துவர் ஓரிரு நிமிடம் சொல்லி அனுப்பியவர்களில் 3.3 சதவீதம். அதே அறிவுரையோடு ஒரு துண்டுப் பிரசுரத்தையும் கொடுத்து, 'பிறகு உங்களைத் திரும்பக் கேட்போம்' என்றும் சொல்லி அனுப்பியவர்களில் 5.1 சதவீதம். எண்கள் சின்னவைதாம். ஆனால் ஒரு மருத்துவரின் வாசலில் ஆண்டுக்கு எத்தனை ஆயிரம் பேர் வந்து போகிறார்கள் என்று பெருக்கிப் பாருங்கள். திரும்பக் கேட்பேன் என்ற வாக்கியத்துக்கு மருந்துச் சீட்டில் செலவு ஒன்றுமில்லை.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் பன்னிரண்டாயிரம் பேரின் உறவையும் நட்பையும் 1971 முதல் 2003 வரை தொடர்ந்து பார்த்த கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் இருவரும் 2008இல் சொன்னது இன்னும் வியப்பானது. மக்கள் ஒற்றை ஒற்றையாக அல்ல, கொத்துக் கொத்தாக நிறுத்தியிருக்கிறார்கள். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36. சிறிய தொழிலிடங்களில் கூட வேலை செய்பவர் விட்டால் 34.

அந்தக் கடைசி எண்ணைப் படித்தபோது எனக்கு மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகள் நினைவுக்கு வந்தன. 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சிப் பள்ளி பின்னாளில் கல்லூரியானது. சாலையோரம் நெடுக உளிச் சத்தம் பெருகியது. இப்போது உளியைவிடக் கட்டரின் இரைச்சல்தான் அதிகம். இயந்திரம் வந்தபின் வேலை விரைந்தது, தூளும் மெலிந்து புகைபோல் பறக்கத் தொடங்கியது. கருங்கல் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கித் தழும்பாகும். தழும்பேறிய நுரையீரலில் காசநோய் எளிதில் குடியேறும். அதற்கு மேல் பீடி என்றால் கேட்கவே வேண்டாம். சென்னை நகரத்திலும் நமக்குத் தெற்கே விழுப்புரத்துக் கிராமங்களிலும் இறந்த 43 ஆயிரம் ஆண்களின் கணக்கை எடுத்து வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, புகைத்த ஆண்கள் காசநோயால் இறக்கும் அபாயம் புகைக்காதவரைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று காட்டியது. புகை என்றால் புற்றுநோய் என்று மட்டுமே நினைத்திருந்தவர்களுக்கு அது புதிய சேதி. சானடோரியத்துக்கும் பெட்டிக்கடைக்கும் இடையே இருந்த தூரத்தை அந்த ஆய்வு ஒரேயடியாகக் குறைத்துவிட்டது.

பட்டறையில் இதையெல்லாம் ஒருவரிடம் மட்டும் தனியே கூப்பிட்டுச் சொல்லிப் பயனில்லை. அங்கே பீடி என்பது ஓய்வின் பெயர். தூளிலிருந்து எழுந்து, மரத்தடிக்கு ஒதுங்கி, நாலு பேரோடு நாலு வார்த்தை பேசுவதற்கான அனுமதிச் சீட்டு. ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவர் இழப்பது புகையை மட்டுமல்ல, அந்தப் பத்து நிமிடத்தையும் அந்த நாலு பேரையும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கரையில் வலை பிரிக்கும் இடங்களிலும் இதே கதை; ஒரு பீடியை இரண்டு பேர் மாற்றி மாற்றி இழுப்பதில் ஓர் உறவு இருக்கிறது. நாலு பேருமாகச் சேர்ந்து விட்டால் மரத்தடியும் மிஞ்சும், பேச்சும் மிஞ்சும். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துக்கு இன்றும் சொல்லுக்கு மதிப்பு உண்டு, அவர்கள் அபராதம் போட்டால் நிற்காதா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஜஹாங்கீரை ஊரளவுக்குச் சுருக்குவது எனக்கு உவப்பாக இல்லை. அபராதத்துக்குப் பயந்தவன் ஒளிந்து பிடிப்பான். ஒளிந்து பிடிக்கிறவனுக்கு யாரும் உதவ முடியாது.

வீட்டிலும் அப்படித்தான். துணைவரின் ஆதரவு உதவுமா என்று நடத்திய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பயிற்சி கொடுத்துக்கூட எதிர்பார்த்த அளவு பலன் இல்லை என்றே சொல்கிறார்கள். ஃபிரேமிங்ஹாம் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துணைவர் தானும் விடுவது ஒன்று. விடச் சொல்லி விரட்டுவது வேறு. சட்டைப் பையைத் துழாவுவது, வாயை மோந்து பார்ப்பது, பிள்ளைகள் எதிரே மானத்தை வாங்குவது எல்லாவற்றையும் நம் வீடுகளில் அக்கறை என்றே நினைக்கிறோம். தோற்ற அன்று வாயைத் திறந்து சொல்ல முடிகிற ஒரே ஆளாக மனைவியோ அண்ணனோ இருக்க வேண்டிய இடத்தில், காவல்காரராக நின்றுவிடுகிறார்கள்.

நடிகர் ரஜினிகாந்த் விஷயம் எல்லோரும் அறிந்ததுதான். 2002இல் 'பாபா' வந்தபோது திரையில் அவர் புகைப்பதை எதிர்த்துப் பாட்டாளி மக்கள் கட்சி களத்தில் இறங்கியது, மாநிலமே பேசியது. பின்னர் படங்களில் அவர் சிகரெட்டைக் குறைத்துக்கொண்டார். சொந்த வாழ்க்கையில் நடந்ததை 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு நாடக விழா மேடையில் அவரே சொன்னார்: கணக்கில்லாமல் புகைத்த தன்னை, அந்தப் பழக்கங்களிலிருந்து அன்பாலேயே மாற்றியவர் மனைவி லதா என்று. போராட்டம் திரையை மாற்றியது. ஆளை மாற்ற வேறொருவர் வருஷக் கணக்கில் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது.

அரசின் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2002இல் உலக சுகாதார நிறுவன ஒத்துழைப்போடு நாடெங்கும் முதலில் தொடங்கிய 13 புகையிலை நிறுத்தச் சிகிச்சை மையங்களில் ஒன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அமைந்தது. 2016இல் தேசிய உதவி எண் வந்தது: 1800-11-2356. 2018 முதல் ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் பீடிக் கட்டிலும் அதை அச்சிடுகிறார்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அந்தச் சேவையின் சிறப்பு நாம் அழைப்பதில் இல்லை. நிறுத்துவதாகத் தேதி குறித்த பின் அவர்களே நம்மைத் திரும்ப அழைத்து விசாரிப்பதில் இருக்கிறது. ஆனால் சில்லறையாக ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவர் பெட்டியையே பார்ப்பதில்லை. அவருக்கு அந்த எண் எப்படித் தெரியும்?

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இப்போது நம் தெருக்களில் பழகிய காட்சி. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். 1956இல் மாத்திரை எண்ண வந்தவர்களின் பேத்திகள் என்று அவர்களைச் சொல்லலாம். 'அண்ணே, பீடியை விட்டது என்ன ஆச்சு?' என்று கேட்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அடுத்த மாதமும் அவர்தான் வரப்போகிறார். 'திரும்பவும் ஆரம்பிச்சிட்டேன்மா' என்று பதில் வந்தால் முகம் சுளிக்காமல், எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள அவருக்குச் சில நாள் பயிற்சி போதும். குருசாமிகளிடமும் செவ்வாடை மன்றங்களிடமும் இதைப் பேசிப் பார்க்கலாம். இருமுடி இறக்கிய பிறகு இன்னும் இரண்டு மாதத்துக்கு வாரம் ஒருமுறை கூடுவது பஜனைக் குழுக்களுக்குப் பெரிய பாரம் இல்லை.

தன்னார்வலர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை, ஊதியமோ சொற்பம் என்ற ஆட்சேபம் உடனே வரும். நியாயமான ஆட்சேபம். நெஞ்சு நோய்க்கும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காப்பீட்டுத் திட்டத்தில் நாம் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கை அவர்கள் ஊதியத்தில் சேர்க்க வேண்டும் என்பதே அதற்கு என் பதில். நிதிநிலை அறிக்கையில் அதற்கு ஒரு வரி போதும்.